புளுகுப் பத்தர்

எங்கள் ஊரில் புளுகுகிற ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. துறைமுகத்தடியில் நின்று கதைக்கிறவர்களைக் கேட்டால், கடலில் உள்ள மீனில் பாதி அவர்களுடைய வலையில்தான் பட்டிருக்கும். ஆனால் பத்தருக்கு முன்னால் அவர்கள் எல்லாரும் கைகட்டி நிற்கவேண்டும்.

பத்தர் என்றால் எங்கள் பக்கத்தில் நகை செய்கிறவர். அவருக்கும் பெயர் இருந்தது. நான் அதை இங்கே சொல்லப்போவதில்லை. ஏன் என்று வாசித்து முடித்தால் விளங்கும். ஊரிலும் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு முன்னால் 'பத்தர்', முதுகுக்குப் பின்னால் 'புளுகுப் பத்தர்'. நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன், வெட்கம் கெட்டவள்.

அவருடைய பட்டறை எங்கள் வீட்டிலிருந்து நாலாவது படலை. வாசலைப் பார்த்தபடி அவர், அவருக்கு எதிரே அவருடைய மகள். என்னைவிட இரண்டு வயது இளையவள். தாலிக்கொடிக்குக் கம்பி இழுக்கிறதும் பின்னுகிறதும் முழுக்க அவள் கைதான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் போனில் படம் அனுப்பிக் கேட்பார்கள். அவள் செய்து அனுப்புவாள். வேலை குவிந்து கிடக்கும். அவர் புளுகத் தொடங்கினால் தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, காணும்," என்பாள். அவருக்கு எவ்வளவு புளுகினாலும் போதாது. எங்கள் ஊர் றோட்டில் திரிகிற மான் ஒன்று வெயிலுக்கு ஒதுங்கி வாசலில் தலையை நீட்டினாலும் அதற்கும் ஒரு கதை சொல்லுவார்.

எல்லாப் புளுகும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "நான் இதைப் பெருமைக்குச் சொல்லேல்லை," என்று தொண்டையைச் செருமுவார். அதோடு எங்களுக்குத் தெரியும், அரை மணித்தியாலம் போச்சுது என்று.

அவருடைய பாட்டனார், வெள்ளைக்காரன் காலத்தில், துறைமுகத்துக்கு வந்த கப்பற்காரன் ஒருவனுக்கு மோதிரம் செய்த கதைதான் முதன்மையானது. அவனுடைய வலது கை வீங்கியிருந்ததாம். பாட்டனார் அளவே எடுக்காமல் இடது கையை ஒரு பார்வை பார்த்து, வீக்கம் வற்றின பிறகு வலது கைக்கு எந்த அளவு வரும் என்று கண்டுபிடித்துச் செய்து கொடுத்தாராம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வெள்ளைக்காரன் கப்பலில் ஒரு கிளாக்கர். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது கப்டன். எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியபோது கடற்படை முழுவதற்கும் அவன்தான் தலைவன்.

சிரிப்பதற்கும் வழியில்லை. ஏனென்றால் அவருடைய புளுகில் முக்கால்வாசி உண்மை. ஒருநாள் அம்மா அவரைச் சோதிக்கவேண்டும் என்று சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு போய், "பத்தர், எனக்கு ஒரு மோதிரம் வேணும், அளவு சொல்லுங்கோ பாப்பம்," என்றாள். அவர் அம்மாவின் கால் விரலைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு அளவு சொன்னார். அவருடைய மகள் அந்த அளவு வளையத்தைக் கொண்டுவந்து அம்மாவின் விரலில் போட்டுப் பார்த்தாள். இம்மியும் பிசகவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து, "உந்தாளுக்குக் கண்ணில பேய் இருக்கு," என்றாள்.

எல்லாப் புளுகுக்கும் மேலே ஒரு புளுகு உண்டு. அது பொன்னுருக்கலைப் பற்றியது. எங்களுடைய கலியாணங்களில் தாலிக்குரிய தங்கப் பவுணைக் கடையில் கொடுத்து உருக்குவதில்லை. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், இரண்டு பகுதிச் சனமும் சுற்றியிருக்க, பத்தர் நடுவில் இருந்து உருக்கவேண்டும். பெண்பகுதிக்காரர் எல்லாரும் போவார்கள். பெண் மட்டும் போகக்கூடாது. உருகி இறுகிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டுவார்கள். அது நல்லபடி உருகினால்தான் எல்லாருக்கும் மூச்சு வரும்.

"நான் இதைப் பெருமைக்குச் சொல்லேல்லை. நாலு தலைமுறை. எங்கட கையில ஒரு பொன்னுருக்கல் பிழைச்சதில்லை," என்பார் பத்தர். மற்றவர்கள் போகிற வீட்டில் நெருப்பு மூட்டுவார்கள். இவர்கள் தங்கள் பட்டறை நெருப்பைச் சட்டியில் கொண்டுபோவார்கள். அது அந்தக் குடும்பத்து வழக்கம். இவர் சிரட்டைக் கரித் தணலை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறப் போனால், "ஐயோ அண்ணை, சீற் எரிஞ்சிடும், இறங்குங்கோ," என்று ஓட்டோக்காரப் பொடியள் கும்பிடுவார்கள். அவர் இறங்கமாட்டார்.

பொன்னை உருக்குகிற சின்ன மண்கிண்ணத்துக்கு மூசை என்று பெயர். அதையும் கடையில் வாங்கமாட்டார். தம்பலகாமத்து வயல் மண்ணில் உமிச்சாம்பலைக் கலந்து, தானே பிடித்து, குசினி அடுப்புக்கு மேலே மாதக்கணக்கில் காயப் போடுவார். அந்த வீட்டுக் குசினியில் சட்டி பானையைவிட மூசைதான் அதிகம்.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன்.

நான் மிட்வைஃப். நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்று கரையோரமாக ஸ்கூட்டரில் போய் வயிற்றுப்பிள்ளைத்தாய்மாரையும் பிறந்த குழந்தைகளையும் பார்ப்பதுதான் என் வேலை. எனக்கு அந்த வேலை உயிர். பேசி வந்த மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டு லொறி. சபையில் அவரைப் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. அப்பா வந்தால் எழும்பி நிற்பார். "மாமா, நீங்கள் இருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போடுவார். அப்பா அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

போனில் வருகிற ஆள் வேறு. "இண்டைக்குக் குச்சவெளியில ஒரு வீட்டில ஒண்டரை மணித்தியாலம் நிண்டனீர். அங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். எட்டு நாள் குழந்தைக்கு நிறை பார்க்கப் போன வீடு அது. பிறகுதான் தெரிந்தது, என் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு ஆளை விட்டிருந்தார். கலியாணம் முடிந்தால் ஸ்கூட்டரும் இல்லை, வேலையும் இல்லை என்றார். நான் மறுத்துச் சொன்னதற்கு, "கலியாணம் முடியட்டும், உம்மட வாயை எப்பிடி மூடுறதெண்டு எனக்குத் தெரியும்," என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "உன்னில உள்ள அக்கறையில கேட்டிருப்பார். கலியாணமெண்டால் முதல் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்," என்றாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். கலியாணக் கார்ட் கொடுத்து முடிந்திருந்தது. வீட்டில் ஒருவரும் என்னை நம்பவில்லை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பொன்னுருக்கலுக்கு மூன்று நாள் முன்னதாக, தாலிக்கொடிக்கு அளவெடுக்கப் பத்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். பத்தர் ஒரு வெள்ளை நூலை என் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். பிடித்தவர் எடுக்கவில்லை.

"பிள்ளை, விருப்பமோ?"

"ஓம்," என்றேன்.

"வாய் ஓம் எண்டுது. தொண்டை நூலுக்குள்ள ஏறி ஏறி இறங்குது," என்றார். "சொல்லுங்கோ."

அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா வருவதற்கிடையில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்கூட்டருக்குப் பின்னால் விட்ட ஆள், வாயை மூடுகிற கதை, எல்லாம். "சபையில நல்லவர் பத்தரையா. நான் சொன்னால் ஆர் நம்பினம்?" என்றேன்.

பத்தர் நூலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஏதாவது சொல்லுவார் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டையைச் செருமினார்.

"நான் இதைப் பெருமைக்குச் சொல்லேல்லைப் பிள்ளை. எங்கட மூசை ஒண்டும் நாலு தலைமுறையா வெடிச்சதில்லை. காயாத பச்சை மூசையை நெருப்பில வைச்சால்தான் வெடிக்கும். தொழில் தெரியாதவன்தான் பச்சை மூசை வைப்பான்."

எனக்கு வந்த ஆத்திரம்! நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுசன் தன் மூசைப் புளுகை அளக்கிறார். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சீனி கூடிப்போச்சு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுருக்கல் அன்று நான் வீட்டில் தனியே இருந்தேன். நடந்ததை மத்தியானம் அம்மா வந்து சொன்னபடிதான் சொல்கிறேன்.

சபை நிறைந்த சனம். குத்துவிளக்கு, நிறைகுடம், மஞ்சளில் பிடித்த பிள்ளையார், ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வந்து வெற்றிலையில் வைத்துப் பவுணைக் கொடுத்தார். பத்தர் வாங்கிக் கண்ணில் ஒற்றி, மூசையில் வைத்து, தணலுக்குள் இறக்கி, குழலை எடுத்து ஊதினார். கொஞ்ச நேரம் ஊதியிருப்பார். டப் என்று ஒரு சத்தம். மூசை இரண்டாகப் பிளந்து, பவுண் சாம்பலுக்குள் உருண்டது.

பத்தர் குழலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். "பிழை என்ர. மூசையில ஈரம் இருந்திட்டுது. மாப்பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. வேற மூசை கொண்டந்தனான், அஞ்சு நிமிசம் தாங்கோ."

மாப்பிள்ளை அஞ்சு நிமிசம் கொடுக்கவில்லை. "கிழட்டு நாயே, என்ர கலியாணத்திலயோ உன்ர விளையாட்டு?" என்று கத்திக்கொண்டு நெருப்புச் சட்டியை உதைத்தார். தணல் முழுக்கப் பத்தரின் காலில் கொட்டியது. மாப்பிள்ளையைப் பெற்ற தாய் ஓடிவந்து, "ராசா, வேண்டாம்," என்று கையைப் பிடித்தா. "விடடி கையை!" என்று அந்த மனுசியை ஒரு தள்ளுத் தள்ளினார். அவ சுவரில் போய் அடிபட்டு விழுந்தா. அவ அழவில்லையாம். பழகின மாதிரி எழும்பிச் சேலையைச் சரிசெய்தாவாம். அம்மா இதைச் சொல்லும்போதுதான் முதல்முறையாக அழுதாள். "அவ பழகியிருக்கிறா பிள்ளை. எனக்கு அதைப் பார்க்கேக்கதான் நீ சொன்னதெல்லாம் விளங்கினது," என்றாள்.

அப்பா எழும்பினாராம். தோளில் கிடந்த சால்வையால் பத்தரின் காலில் கிடந்த தணலைத் தட்டிவிட்டு, அவரைக் கையில் பிடித்துத் தூக்கினாராம். சபையைப் பார்த்து, "இந்தச் சம்பந்தம் வேண்டாம். நாங்கள் வாறம்," என்றாராம். பத்தர் அந்த நிலையிலும் சாம்பலைக் கிளறிப் பவுணை எடுத்து, துடைத்து, மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம்.

அம்மா சொல்லி முடிக்க அப்பா உள்ளே வந்தார். சட்டையெல்லாம் சாம்பல். "நாளைக்கு வேலைக்குப் போறியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"போ," என்றார்.

அப்பாடா! நெஞ்சில் ஏறி இருந்த பாறாங்கல்லை ஆரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. நேரே குசினிக்குள் போய் பழஞ்சோற்றில் தயிரை ஊற்றி, நின்ற நிலையிலேயே இரண்டு கோப்பை சாப்பிட்டேன். வீட்டில் கலியாணம் குழம்பிக் கிடக்கிறது, பெண் சோறு தின்கிறாள்! அம்மா பார்த்துவிட்டு ஊறுகாய் எடுத்துத் தந்தாள்.

பத்தரின் காலுக்கு மருந்து கட்ட நான்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். மூன்றாம் முறை போனபோது மகள் கோயிலுக்குப் போயிருந்தாள். துணியைச் சுற்றிக்கொண்டே, "வேணுமெண்டுதானே பச்சை மூசை கொண்டுபோனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "காயாத மூசை ஒண்டு, காஞ்ச மூசை ஒண்டு. ரெண்டும் கொண்டுபோனனான்," என்றார். "பொடியன், 'பரவாயில்லை பத்தர், மற்றதில உருக்குங்கோ' எண்டு சொல்லியிருந்தால் உருக்கியிருப்பன். உங்களுக்குத் தாலியும் செய்து தந்திருப்பன். என்னை நீங்கள் சாகுமட்டும் திட்டியிருப்பீங்கள்."

"சபைக்கு முன்னால அவர் ஆரெண்டு காட்டினீங்கள். இதை ஊருக்குச் சொல்லவேண்டாமோ?"

பத்தர் பதறிப்போனார். "ஐயோ பிள்ளை, மூச்சு விடக்கூடாது! கை பிழைச்சுப் போச்சு எண்டால் சனம் சிரிக்கும், பிறகு மறக்கும். பத்தன் வேணுமெண்டு உடைச்சான் எண்டு தெரிஞ்சால், எங்கட குடும்பத்தை நம்பி ஒரு மாப்பிள்ளை வீட்டிலயும் பவுண் தரமாட்டினம். என்ர பிள்ளை இந்தத் தொழிலை நம்பி இருக்கிறாள். உங்கட அப்பருக்கும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

மருந்து மணக்கிற கையை அவருடைய கையில் வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

அதற்குப் பிறகு அந்த மனுசன் பட்ட பாடு. ஒரு வருசம் ஒருவரும் பொன்னுருக்கலுக்குக் கூப்பிடவில்லை. மகளின் கொடி வேலை வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் நெருப்புச் சட்டி மூலையில் கிடந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று, "என்ன பத்தர், மூசை காஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வாய் திறந்தால் மூடாத ஆள், தலையைக் குனிந்து அரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். தன் வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய வேலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் புளுகவில்லை. கப்பற்காரனின் கதையும் நின்றுபோனது. எனக்கு நடுரோட்டில் நின்று கத்தவேண்டும் போல வரும். சத்தியம் பண்ணியிருக்கிறேனே, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைப்பேன்.

அடுத்த வருசம் எனக்குக் கலியாணம் சரிவந்தது. திரியாய்ப் பக்கத்து ஆசிரியர், என் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத ஆள். அவருடைய வீட்டில் வேறு பத்தரைப் பேசியிருந்தார்கள். அப்பா ஒற்றைக் காலில் நின்றார். "எங்கட பத்தர்தான் உருக்கவேணும். அவர் இல்லையெண்டால் வேற நாள் பாப்பம்," என்றார். அப்பா ஒரு விசயத்தில் இப்படி அடம்பிடித்து நான் கண்டதில்லை.

பவுண் நல்லபடி உருகியது. முத்துப்போலத் திரண்டு நின்றதாம். ஒரு கிழமைக்குள் இரண்டு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கடுத்த கிழமை நான் பட்டறை வாசலால் போகும்போது, "நான் இதைப் பெருமைக்குச் சொல்லேல்லை," என்று சத்தம் கேட்டது. வெள்ளைக்காரன் திரும்பவும் கடற்படைக்குத் தலைவனாகியிருந்தான். எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது.

இந்த வருசம் பத்தர் போய்விட்டார். வருத்தம் துன்பம் ஒன்றும் இல்லாமல், பட்டறையில் இருந்தபடியே. இப்போது நெருப்புச் சட்டியோடு ஓட்டோவில் போகிறவள் அவருடைய மகள்தான். முதலில் இரண்டு வீட்டில், பொம்பிளைப் பத்தரோ என்று முகத்தைச் சுளித்தார்கள். இப்போது நாள் எடுக்க முதல் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். பந்தலுக்குள் நீட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எதிரே இருந்த ஒரு கிழவர் வடையைக் கடித்துக்கொண்டு, "நல்ல கைகாரன். ஒரே ஒருக்காத்தான் கை பிழைச்சது," என்றார். எனக்குச் சோறு விக்கியது. தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

கிழவர் கை கழுவ எழும்பிப் போனதும் அப்பா தலையைக் குனிந்தபடி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "கை பிழைக்கேல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அண்டைக்கு நான் முன்னுக்கு இருந்தனான். மூசை கறுத்து ஈரமாய்த் தெரிஞ்சது. பச்சை மண் மணத்தது. நெருப்பில இறக்க முந்திப் பத்தர் என்னை ஒருக்கா நிமிந்து பார்த்தவர். 'பத்தர், மூசை ஈரம்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்தாள் மாத்தியிருப்பார்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நிலத்தைப் பார்த்தனான்," என்றார் அப்பா. "நீ வந்து சொன்ன அண்டைக்கே உன்னை நம்பினனான் பிள்ளை. நிப்பாட்ட எனக்கு வாய் வரேல்லை. கார்ட் குடுத்தாச்சு, சனம் என்ன கதைக்கும் எண்டு பயந்து கிணத்தடியில போய் நிண்டனான். அந்தாள் தன்ர பேரை நெருப்பில போட்டுத்தான் உன்னை எடுத்தது."

இத்தனை வருசமும் அப்பாவில் எனக்கு ஒரு கோபம் இருந்தது. என் சொல்லை நம்பாமல் தன் கண்ணால் கண்ட பிறகுதானே எழும்பினார் என்ற கோபம். ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்த அந்தக் கோபம், அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே என்னைவிட்டுப் போய்விட்டது.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல விட்டால்தானே. அடுத்த நாளே அந்தாளைப் பார்க்கப் போனனான். கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டுது. ஊருக்குத் தெரிஞ்சால் தன்ர பிள்ளையின்ர தொழில் போயிடுமாம். உங்கட மகளுக்கும் மூச்சு விடக்கூடாது எண்டு."

"அப்பா," என்றேன். "என்னட்டையும் சத்தியம் வாங்கினவர். அப்பருக்கும் சொல்லக்கூடாது எண்டு."

அப்பா சோறு பிசைந்த கையோடு என்னைப் பார்த்தார். "உன்னட்டையுமோ?"

அவ்வளவுதான். அந்தியேட்டி வீடு என்றும் பாராமல் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. எனக்கும் வந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே சங்கதியை ஆளுக்கு ஆள் மறைத்துக்கொண்டு எத்தனை வருசம் இருந்திருக்கிறோம்!

பத்தரின் மகள் பாயாச வாளியோடு எங்களடிக்கு வந்தாள். "என்னக்கா, அப்பாவும் மகளும் இப்பிடிச் சிரிக்கிறியள்?" என்று கேட்டாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை," என்று அப்பா கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் விடு."